பெட்டியின் அடியில் ஒரு பொட்டு

துர்காதேவிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓட வேண்டியதில்லை. ஆனாலும் வழக்கத்துக்கு முன்பே எழுந்து, தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டால் சுற்றிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி. பார்க்க சோப்பு டப்பா மாதிரிதான் இருந்தது. ஆனால் அதை அவள் பார்க்கிற மாதிரிக் கல்யாணத்தன்று தன்னைக்கூடப் பார்த்ததில்லை என்று அவள் புருஷன் குணாளன் மூன்று நாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து பிரின்சி மேடம் கூப்பிடுவார். போனில் கேட்கிற தொடர் நாடகங்கள் எடுப்பவர் அவர். அடுத்த நாடகத்தில் கதாநாயகி பச்சையம்மா, ஏரிக்கரையில் இறால் பிடித்து விற்கிறவள். அவளுக்கு ஒரு குரல் தேடுகிறார்கள் என்ற செய்தியைக் கம்பெனியில் பக்கத்து மேஜை சுகிர்தாதான் காட்டினாள். கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்புகிற கம்பெனி அது. நாள் முழுக்க நின்றபடி வயர் கட்டுகிறவர்களுக்குப் பொழுது நகர்வதே துர்காதேவியின் வாயால்தான். சூப்பர்வைசர் மாதிரிப் பேசுவாள், கேன்டீன்காரர் மாதிரிப் பேசுவாள். மாமியார் சம்பூர்ணம் மாதிரிப் பேச ஆரம்பித்தால் எல்லார் கையும் நின்றுவிடும். "உன் வாய்க்கு ஒரு வழி பண்ணுடி" என்று சுகிர்தா நச்சரித்ததில், பஸ்ஸில் வரும்போது போனில் பேசி அனுப்பினாள். அனுப்பியதை மறந்தும் போனாள். பார்த்தால், கடைசி மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

ஆனால் பிரின்சி ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மற்ற இரண்டு பேரும் சென்னையிலேயே இருக்கிறார்கள், நினைத்த நேரத்தில் ஸ்டுடியோவுக்கு வருவார்கள். துர்காதேவியோ பழவேற்காட்டு ஏரி ஓரத்துக் குப்பத்தில் இருக்கிறாள். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில், இதற்கு நடுவில் ஷிப்ட். வாராவாரம் வந்து போவது நடக்காது.

"ஊட்ல இருந்தே பேசுறேன் மேடம்" என்று இவள் வாயை விட்டிருந்தாள்.

"போன்ல பேசினா சரிப்படாதுங்க. நல்ல மைக், அதுக்கு ஒரு ஆடியோ பெட்டி, சத்தமில்லாத இடம், இதெல்லாம் வேணும். ஞாயித்துக்கிழமை லைன்ல வாங்க, கேக்கறேன். சுத்தமா வந்தா பேசலாம். வரலைன்னா எனக்கும் வேற வழியில்ல துர்காதேவி. தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. ராத்திரி தூக்கம்தான் போயிற்று. இத்தனை வருஷம் கையால் பிழைத்தது போதும், இனி வாயால் பிழைக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு நெடுநாளாக உண்டு. அவள் குரல் அவளுக்குப் பிடிக்கும். முகம் தெரியாத யாரோ ஒருவர் சமையல் செய்துகொண்டே, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அதைக் கேட்க வேண்டும், கேட்டுச் சிரிக்க வேண்டும், அழ வேண்டும். இதை வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று குணாளனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டியும் மைக்கும் பொன்னேரி ஜெயராஜிடம் வாங்கியவை. சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். பெரிய பெட்டியாக ஒன்று வாங்கிக்கொண்டு இதைத் தள்ளிவிட்டார். "கிட்டத்தட்ட புதுசும்மா, கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போ" என்றார். இவளும் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்தாள்.

சத்தமில்லாத இடம்தான் பெரிய பாடாக இருந்தது. குப்பத்தில் ஏது சத்தமில்லாத இடம்? கோழி, குழந்தை, படகு எஞ்சின், கோயில் ஸ்பீக்கர் என்று ஒன்று ஓய்ந்தால் ஒன்று எழும். குணாளன்தான் கண்டுபிடித்தான். பக்கத்து வீட்டு ரகுவின் மீன் வண்டி. பின்னால் பெரிய பெட்டி கட்டின சின்ன வண்டி, ஐஸ் உருகாமல் இருக்க நாலு புறமும் தெர்மோகோல் அடைத்தது. உள்ளே நின்று கதவைச் சாத்தினால் வெளியே மேளம் அடித்தாலும் கேட்காது. ரகு விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போய்வந்து, வண்டியைக் கழுவி, இவர்கள் வீட்டு வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருந்தான். கழுவின பிறகும் நெத்திலி வாசம் போகவில்லை. போகாது, அது வண்டியின் பிறவிக் குணம்.

லேப்டாப் வண்டிக் கதவருகே ஒரு மீன் பிளாஸ்டிக் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. துர்காதேவி பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது அது. இன்னும் உயிரோடு இருப்பதே பெரிசு. நெட்டுக்கு அவளுடைய போனை வண்டிக் கூரைமேல் வைத்திருந்தார்கள். அங்கேதான் சிக்னல் நிற்கும்.

"இப்போ டிரைவர் போடணும் மாமா" என்றாள் துர்காதேவி.

"வண்டிக்கு ரகு கீறான். இதுக்கு வேற ஒரு டிரைவரா?" என்றான் குணாளன். இந்த ஜோக்கை அவன் வெள்ளிக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவளுக்குத் தெரிந்தவரை விஷயம் இதுதான். மைக்கில் பேசுவதைப் பெட்டி வாங்கி லேப்டாப்புக்குக் கொடுக்கும். ஆனால் இப்படி ஒரு பெட்டி வந்து நிற்கிறது, அது இன்ன விதமாகப் பேசும் என்று லேப்டாப்புக்குச் சொல்ல ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதுதான் டிரைவர். பெட்டி செய்த கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போய் இறக்கிக்கொள்ள வேண்டும். அதில் ஒரே பெயரில் மூன்று தலைமுறைப் பெட்டிகள் இருந்தன. புதுசு என்றாரே ஜெயராஜ், அதனால் கடைசியாக வந்த மூன்றாம் தலைமுறையை அமுக்கினாள்.

எவ்வளவு இறங்கியது என்று காட்டும் பச்சைக்கோடு நகர ஆரம்பித்தது. பாதியில் நின்றது. குணாளன் கூரைமேல் இருந்த போனை ஏரிப்பக்கம் திருப்பி வைத்தான். மறுபடி நகர்ந்தது. இறங்கி முடிந்ததும் 'சரி, சரி, ஒத்துக்கொள்கிறேன்' என்று வந்த எல்லாவற்றையும் அமுக்கினாள். மிஷின் அணைந்து எழுந்தது. பெட்டியின் ஒயரைச் சொருகினாள். சொருகிவிட்டு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரையில் வந்தது: சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை.

சரி, முதல் தடவை அப்படித்தான் என்று ஒயரைப் பிடுங்கி அடுத்த துளையில் சொருகினாள். இல்லை. ஜெயராஜ் கொடுத்த ஒயரை மாற்றி, சுகிர்தா கொடுத்த ஒயரைப் போட்டாள். இல்லை. டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அது ஒரு பாடு நேரத்தை விழுங்கியது. இல்லவே இல்லை. சாதனங்கள் வரிசையாக இருக்கும் பட்டியலைத் திறந்தால், நடுவில் ஒரு மஞ்சள் முக்கோணம், அதன் பக்கத்தில் 'தெரியாத சாதனம்' என்றிருந்தது.

"தெரியாததா?" குணாளனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு நாளா இங்கதானே கீது. இன்னா இது, பார்த்துக்கினே இருந்துட்டு தெரியலன்னு சொல்லுது?"

"கம்முனு இரு மாமா. எனக்கே பேஜாரா கீது."

அவள் மறுபடி பெட்டிக் கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போனாள். இந்தத் தடவை பொறுமையாகப் படித்தாள். மூன்று தலைமுறைப் பெட்டியும் பார்க்க ஒரே அச்சு, ஒன்றுக்குப் போட்ட டிரைவர் மற்றதுக்கு ஆகாது, உங்கள் பெட்டியின் அடியில் எண் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று போட்டிருந்தது. துர்காதேவி தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைக் குப்புறத் திருப்பினாள்.

அடியில், பெயருக்குப் பக்கத்தில், எண் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் குழைத்து அப்பின ஒரு குங்குமப் பொட்டு. ஒரு ரூபாய் அகலம். காய்ந்து கல்லாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சம்பூர்ணம் பூஜை போட்டபோது வைத்தது அது. அந்தக் குப்பத்தில் சோறு போடுகிற எந்தப் புதுப் பொருள் வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டார்கள். வலையானாலும் சரி, படகானாலும் சரி. படகு எஞ்சினுக்கு மட்டும் எண் அடித்த தகட்டின் மேலேதான் வைப்பார்கள். எஞ்சினுக்கு முகம் கிடையாது, எண்தான் அதற்கு முகம். மருமகளின் பெட்டியைக் கையில் வாங்கிய சம்பூர்ணம் முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள், எல்லாம் துளையும் திருகுமாக இருந்தது. திருப்பினாள், எண் இருந்தது. திருப்தியாக அதன்மேல் வைத்தாள். அத்துடன் ஒரு கட்டளையும் உண்டு. முதல் மீன் கரையேறுகிற வரை அந்தப் பொட்டை யாரும் அழிக்கக் கூடாது.

துர்காதேவி நகத்தை மடக்கிச் சுரண்டப் போன நொடியில், கிணற்றடியில் இறால் உரித்துக்கொண்டிருந்த சம்பூர்ணத்தின் குரல் வந்தது. அந்த அம்மாளுக்கு முதுகிலும் கண் உண்டு.

"ஏமே, இன்னா பண்றே?"

"எண்ணு பாக்கணும் அத்த. கொஞ்சூண்டு பொட்ட எடுத்துக்குறேன்."

"எடுக்காத. மொத மீனு கரையேறட்டும்."

"மீனு ஏது அத்த இதுல? இது மைக்கு பெட்டி."

"எதுவா இருந்தா இன்னா? இன்னிக்குத்தானே மொதமொத எறக்குறே? குப்பன் இன்னா பண்ணான் தெரியுமா? புது எஞ்சினு பொட்டு மேல டீசல் கொட்டிச்சின்னு தொடச்சான். அந்த வாரமே தண்ணி தள்ளுற எறக்கை கழண்டு ஏரியில பூடுச்சு. இன்னிக்கும் தேடிக்கினு கீறான்."

"குப்பண்ணன் எறக்கைய ஒழுங்கா முடுக்கல அத்த."

"நீ கண்டியா?"

குணாளன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினான். அம்மா சொன்னாலும் சரி, பெண்டாட்டி சொன்னாலும் சரி என்று ஆட்டிப் பழகின தலை அது. ஆனால் அவனுக்கும் பதற்றம் இருந்தது. "ஜெயராஜ் அண்ணனுக்குப் போன் போட்டு எண்ணு கேளு" என்றான். போட்டாள். அணைத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவரின் போன் வேறு எப்படி இருக்கும்?

"மூணுல ஒண்ணு போச்சு. மீதி ரெண்டுதானே? ஒண்ணொண்ணா போட்டுப் பாரு."

"மணி பத்தரை மாமா. ஒண்ண எறக்கிப் போட்டு, இந்தக் கெழட்டு மிஷின் அணைஞ்சு எழுறதுக்குள்ளயே பதினொண்ணு ஆயிடும். ஒரு வாட்டிதான் போட முடியும். தப்பானத போட்டா அவ்ளோதான்."

மாமியாரைத் தாண்டிச் சுரண்டிவிட முடியும். கை என்ன கட்டியா கிடக்கிறது? ஆனால் அந்த அம்மாள் பொட்டு வைத்த அன்று கண்ணை மூடி நின்றதை அவள் பார்த்திருந்தாள். இது என்ன பெட்டி, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகளின் பிழைப்புக்கு என்று மட்டும் தெரிந்து, வலைக்கு வேண்டுகிற மாதிரியே வேண்டிக்கொண்டாள். அதைச் சுரண்டி எறிய மனசு வரவில்லை, எறியாமலும் முடியவில்லை. கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"அத்த, பதினோரு மணிக்கு மேடம் கூப்புடுவாங்க. என் கொரலு கேக்கலன்னா வேற யாரையாவது வெச்சிக்குவாங்க. அப்புறம் இந்தப் பெட்டியில மீனு ஏறாது, ஒரு மண்ணும் ஏறாது. பொட்டு மட்டும் பத்திரமா இருக்கும். நீயே சொல்லு, பொட்டு பெருசா, நான் பெருசா?"

சம்பூர்ணம் இறால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். அதிலேயே துர்காதேவிக்கு உயிர் போனது, ஒவ்வொரு நிமிஷமும் இப்போது பொன்னல்லவா? முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியை வாங்கிக் குப்புறப் பிடித்தாள். கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்துப் பொட்டின்மேல் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். சந்தனமும் குங்குமமும் விரலோடு வந்தன. அதை அப்படியே துர்காதேவியின் நெற்றியில் பதித்தாள்.

"அழிக்கல. எடம் மாத்திக்கீறேன்" என்றாள். "இதுக்கு மூஞ்சி இல்லியேன்னு எண்ணு மேல வெச்சேன். இந்தப் பொழப்புக்கு மூஞ்சி நீதானே. மொத மீனு கரையேறுற வரிக்கும் மூஞ்சி கழுவாத, தொடைக்காத. அப்புறம் என்ன கேக்காத."

துர்காதேவிக்குச் சட்டென்று அழுகை வந்தது, அழ நேரமில்லை. பெட்டியைப் பார்த்தாள். பொட்டு இருந்த இடத்தில், லேசான சிவப்புக்கு அடியில், ஒன்று என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. முதல் தலைமுறை. புதுசாம் புதுசு. ஜெயராஜ் அண்ணனை மனசுக்குள் நாலு வாங்கு வாங்கினாள். பிறகு அவர் மேல் கோபப்படக்கூட நேரமில்லை என்று பழைய டிரைவரை அமுக்கினாள்.

அது இறங்கினபோது குணாளன் வண்டிக் கூரைமேல் ஏறிப் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சிலை மாதிரி நின்றான் என்று சொல்ல ஆசைதான், ஆனால் காலை எறும்பு கடித்ததில் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தான். இறங்கி முடிந்தது. முதலில் போட்டதை எடுத்துவிட்டு இதைப் போட்டாள். மிஷின் அணைந்தது. எழுவேனா என்று யோசித்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சம்பூர்ணமும் வந்து பின்னால் நின்று, ஒன்றும் புரியாமல் அந்த வட்டத்தையே பார்த்தாள்.

எழுந்தது. ஒயரைச் சொருகினாள். பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது.

பட்டியலில் மஞ்சள் முக்கோணம் இல்லை. அந்த இடத்தில் பெட்டியின் பெயர், சுத்தமாக, முழுசாக இருந்தது. துர்காதேவி மாமியார் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ச்சீ, எறா கவுச்சி, தள்ளுமே" என்றாள் சம்பூர்ணம், ஆனால் தள்ளவில்லை.

அடுத்ததெல்லாம் ஓட்டமாக ஓடியது. பிரின்சி எழுதி அனுப்பியிருந்தபடி, ஒலியை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் தடவை அளக்கும்படி வைத்தாள். மைக்கைப் பெட்டியில் சொருகி, ஹெட்போனைக் காதில் மாட்டி, பதிவு செய்யும் மென்பொருளைத் திறந்து, "ஹலோ" என்றாள். காதுக்குள் அவள் குரல் வந்தது. போனில் கேட்கும் ஓட்டைக் குரல் இல்லை. அவள் உதடு ஒட்டிப் பிரிவதுகூடக் கேட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான் நானா என்று இன்னொரு தடவை "ஹலோ" என்றாள். கொஞ்சம் கரகரவென்று உடைந்தது. அதற்கும் மருந்து படித்து வைத்திருந்தாள். குரல் லேப்டாப்புக்குப் போகிற வழியில் பஃபர் என்று ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. தொட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால் கிழட்டு மிஷின் இறைக்க முடியாமல் திணறும். அளவைக் கூட்டி வைத்தாள். கரகரப்பு நின்றது.

பெட்டியையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு மீன் வண்டிக்குள் ஏறினாள். பெட்டியின் ஒயர் மட்டும் கதவின் ரப்பர் இடுக்கு வழியாக வெளியே லேப்டாப்புக்குப் போனது. லேப்டாப்புக்குக் காவல் குணாளன், கோழிகளுக்குக் காவல் சம்பூர்ணம். வசனம் பார்த்துப் படிக்கக் குணாளனின் போன். கதவு மூடியதும் உலகமே அணைந்துவிட்டது. நெத்திலி வாசமும் இருட்டும், போன் வெளிச்சமும் மட்டும். வியர்வை கழுத்தில் இறங்கியது. நெற்றியைத் துடைக்கப் போன கை, பொட்டு ஞாபகம் வந்து பாதியில் திரும்பியது.

பதினோரு மணிக்குக் காதில் மணி அடித்தது. அவள் சொல்லிக்கொடுத்திருந்தபடி வெளியே குணாளன் லேப்டாப்பில் அழைப்பை எடுத்திருக்க வேண்டும். பிரின்சியின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது.

"துர்காதேவி, வணக்கம். பேசுங்க."

"வணக்கம் மேடம்."

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம், இருக்கேன்."

"ஒண்ணும் கேக்கலையே. உங்க மைக் வரலை."

துர்காதேவி உள்ளிருந்து கதவைத் தட்டினாள். கதவு ஒரு கை அகலம் திறந்தது, குணாளனின் முகம் தெரிந்தது. அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"ஸ்கிரீன்ல இன்னா போட்டுக்கீது மாமா? படி."

அவன் எழுத்துக் கூட்டினான். "டிவைஸ்... இன் யூஸ்னு கீது துர்கா. யாரோ வெச்சிக்கினு கீறாங்களாம்."

யாரோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். துர்காதேவிக்கு அது அந்த நிமிஷம் ஏரி மாதிரித் தெரிந்தது. ஏரியில் மீன் கிடைக்கிற இடங்களுக்கு முறை உண்டு, பாடு என்பார்கள். இன்றைக்கு இந்த இடம் குப்பனுக்கு என்றால் குப்பன் வலை மட்டும்தான் இறங்கும். அவன் எடுக்கிற வரை அடுத்தவன் படகிலேயே காத்திருப்பான், எப்பேர்ப்பட்ட சண்டைக்காரனாக இருந்தாலும் சரி. இந்தப் பெட்டியும் அப்படித்தான் போல. ஒரு நேரத்தில் ஒரு வலைதான் விடும். அப்படியானால் இப்போது அதில் யாருடைய வலை கிடக்கிறது? யோசிக்கும் முன்பே விடை வந்துவிட்டது. ஹலோ சொல்லிப் பார்க்கத் திறந்தாளே, அந்தப் பதிவு மென்பொருள். மூடவே இல்லை.

"நம்ம வலையேதான் மாமா. மொதல்ல நான் போட்டது. கீழ செவப்பு புள்ளி வெச்ச ஒண்ணு தொறந்து கீது பாரு, அத மூடு."

"எது?"

"செவப்பு புள்ளி."

"இங்க ரெண்டு செவப்பு கீது."

"மைக்கு படம் போட்டது. ஓரத்துல பெருக்கல் குறி. அமுக்கு. போனக் கட் பண்ணிடாத, உன் கால்ல விழறேன்."

அமுக்கினான். அமுக்கினபோது கண்ணை மூடிக்கொண்டதாகப் பிறகு சொன்னான்.

"அட, இப்ப கேக்குது" என்றார் பிரின்சி. கொஞ்சம் பொறுத்து, "கால்ல விழறேன்னு கேட்டுச்சு. யார் கால்ல?"

"எங்க ஊட்டுக்காரர் கால்ல மேடம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கதவு மூடியது. பிரின்சி சிரித்தார், வசனத்துக்குப் போகச் சொன்னார்.

ஏலத்தில் வியாபாரி இறாலைப் பாதி விலைக்குக் கேட்கிறான், பச்சையம்மா எதிர்த்துப் பேசுகிறாள். துர்காதேவி மூச்சை இழுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நின்ற மாதிரி நிமிர்ந்து படித்தாள். "இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடித்தது நான். விலையை மட்டும் நீ சொல்வாயா?"

பிரின்சி அவளை நிறுத்தினார்.

"துர்காதேவி, சவுண்டு அருமையா இருக்கு. ஆனா இது நீங்க இல்லையே. பஸ்ல இருந்து பேசி அனுப்பின பொண்ணு எங்க போச்சு?"

டிரைவர் சரியாகிவிட்டது, விளக்கு பச்சையாகிவிட்டது, எல்லாம் ஆன பிறகு தானே தப்பான ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறோமே என்று துர்காதேவிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மேடம் கேட்கிறார் என்றதும் நாக்குக்குப் புடவை கட்டி அழைத்து வந்துவிட்டாள். வியர்வையில் நெற்றிப் பொட்டு குறுகுறுத்தது. அதை வைத்த விரலும், வைத்தவளின் குரலும் நினைவுக்கு வந்தன. "இன்னொரு வாட்டி பேசறேன் மேடம்" என்றாள். போனை அணைத்துக் கீழே வைத்தாள். இதற்கு வசனம் பார்க்க வேண்டியதில்லை.

"ஏம்பா, இன்னா சொன்னே? பாதியா? இடுப்பு தண்ணியில விடியக்காலம் நின்னது நானு. காலு வெறச்சி, கையி வெறச்சி, ஒண்ணொண்ணா எறா புடிச்சது நானு. நீ காஞ்ச செருப்போட கரையில வந்து நின்னுக்கினு வெல மட்டும் சொல்லுவியா? நீ கண்டியா, நான் நின்னத? கண்டியா?"

எழுதிக் கொடுத்ததில் பாதிதான் அதில் இருந்தது. அந்த 'நீ கண்டியா' பிரின்சி எழுதவே இல்லை. வண்டியின் இரும்புப் பெட்டிக்குள் அது எங்கும் எதிரொலிக்காமல், வாயிலிருந்து புறப்பட்டு நேராக மைக்குக்குள் போனது.

"அந்தக் 'கண்டியா'வ இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் பிரின்சி. சொன்னாள். "போதும். மத்த ரெண்டு பேருக்கும் நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். அடுத்த ஞாயிறு முதல் பாகம் பேசறோம். ஒண்ணு கேக்கணும். இவ்ளோ சுத்தமான ரூம் எங்க புடிச்சீங்க? எங்க ஸ்டுடியோலகூட இப்படி வராது."

"மீனு வண்டி மேடம். தெர்மோகோல் அடிச்சது."

பிரின்சி சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அந்த வண்டிய யாரும் வித்துடாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே குதித்தபோது, வெயிலில் துர்காதேவிக்குக் கண் கூசியது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. வாயால் பிழைக்கப் போகிறவளுக்கு வாயடைத்துப் போயிற்று. தலையை மட்டும் வேகமாக ஆட்டினாள். குணாளன் அம்மா கீழே போட்டிருந்த கோழி விரட்டும் குச்சியை எடுத்து வேப்பமரத்துக்கு மேலே வீசினான். பிறகு அம்மாவைக் காட்டிச் சிரித்தான்.

"கதவு இடுக்குல காத வெச்சி ஒட்டுக்கேட்டுக்கினு இருந்துச்சு துர்கா. 'நைனா, உள்ள பேசறது யாரு, நானா?'ன்னு என்ன கேக்குது."

"பின்ன? அப்புடியே என் கொரலு" என்றாள் சம்பூர்ணம். கோபமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். "மீனு கரையேறிடுச்சா இல்லியா, அத மொதல்ல சொல்லு."

"ஏறிடுச்சு அத்த."

சம்பூர்ணம் கண்ணை மூடித் திறந்தாள். வியர்வையில் வழிந்து மூக்குவரை இறங்கியிருந்த குங்குமத்தைப் பார்த்தாள். "அப்போ சரி. போயி மூஞ்ச கழுவிக்கோ, பாக்க சகிக்கல."

துர்காதேவி கிணற்றடிக்குப் போனாள். வாளியில் தண்ணீரை எடுத்தாள். குனிந்து பார்த்தாள், தண்ணீரில் ஒரு சிவப்பு முகம் தெரிந்தது. அந்தத் தண்ணீரால் காலை மட்டும் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, மாமியார் பாதியில் விட்டிருந்த இறால் தட்டை எடுத்து மடியில் வைத்து உரிக்க உட்கார்ந்தாள்.

"கழுவலியாமே?"

"இருக்கட்டும் அத்த" என்றாள் துர்காதேவி.